முன்கூடத்தில் ஓடும் கோச்சி

2025ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் காலை ஹட்டனிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் என் பால்ய நண்பர்.

"மச்சான், கோச்சி நின்னு போச்சு."

நாற்பது ஆண்டுப் பத்திரிகைத் தொழில் மனிதனைச் சும்மா விடுமா? கொட்டகலையிலா, வட்டவளையிலா, மண்சரிவா, தடம்புரள்வா, யாருக்காவது காயமா என்று கேள்விகளை அடுக்கிவிட்டேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம்.

"இல்லடா, வீட்டுக் கோச்சி. முறுக்கு சுட்டதிலேருந்து ஓடமாட்டேங்குது."

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இலங்கையின் மலையகத்தில் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். அரசாங்கம் 'புகையிரதம்' என்று எழுதும். புகை போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நண்பர் சொன்ன கோச்சி, எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றின்மேல் அவருடைய வீட்டு முன்கூடத்தில் ஓடுகிற பொம்மை ரயில். பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லக்கூடாது, 'மாதிரி ரயில்' என்று திருத்துவார். தேயிலைத் தொழிற்சாலையில் (எங்கள் பேச்சில் 'ஸ்டோரு') இயந்திரங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. டொரொன்டோவில் இருக்கும் மகள் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பெட்டியோ, ஓர் எஞ்சினோ வாங்கி அனுப்புவாள்.

முறுக்குக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். இருக்கிறது. இவ்வகை ரயில்களில் எஞ்சினுக்கு வேண்டிய பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகத்தான் போகிறது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவே. அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக்கொண்டால் மின்சாரம் ஏறாது. குசினிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். இரண்டு நாள் இடைவிடாமல் முறுக்கும் அதிரசமும் வெந்த எண்ணெய்ப் புகை கூடம் முழுவதும் பரவித் தண்டவாளத்தில் படிந்துவிட்டது. பரிகாரம் எளிது. சர்ஜிக்கல் ஸ்பிரிட் தோய்த்த துணியால் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். நண்பர் அதைச் செய்தபோதுதான் சம்பந்தி வீட்டார் பலகாரத் தட்டுடன் உள்ளே வந்தார்கள். காலை பத்து மணிக்குக் கூடம் முழுவதும் ஸ்பிரிட் நெடி; மனிதர் பலகைக்கு அடியிலிருந்து கண் சிவந்து எழுந்து வருகிறார். அவர்கள் எதுவும் கேட்கவில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டிருந்தால் நல்லது. கேட்காததால் அந்தச் செய்தி அட்டன் நகரைத் தாண்டித் தலவாக்கலை வரையில் போய்விட்டது.

பண்டிகைக் காலத்தில் மாதிரி ரயில்காரர் வீட்டில் விபத்து நடப்பது எல்லா ஊருக்கும் பொது. அமெரிக்காவில் லயனல் கம்பெனி 1900இல் தொடங்கிய பிறகு, கிறிஸ்மஸ் மரத்தைச் சுற்றி மின்ரயில் ஓடவிடுவது அங்கே குடும்ப வழக்கமாகவே ஆனது. மரத்தில் தொங்கவிடும் ஜரிகை இழைகள் தண்டவாளத்தில் விழுந்து மின்சுற்றைக் குறுக்கிவிடும். ரயில் நிற்கும், பொறி பறக்கும், அப்பா மரத்தடியில் தவழ்ந்து போவார். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹோர்ன்பி 1920இல் சாவி கொடுத்து ஓடும் ரயில்களை விற்கத் தொடங்கினார். அந்த ரயில்கள் காலனி நாடுகளில் இருந்த வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் கதைக்கும் அதில் தொடர்பு உண்டு, பிறகு சொல்கிறேன்.

இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் புகழ்பெற்ற வீட்டு ரயில் விபத்து குவாலியர் அரண்மனையில் நடந்தது. மகாராஜாவின் விருந்து மேசையின் மேல் வெள்ளியில் செய்த ரயில் ஒன்று உணவையும் மதுவையும் சுமந்து விருந்தினரைச் சுற்றிவரும். வைஸ்ராய்க்கு அளித்த விருந்தொன்றில் கட்டுப்பாட்டுப் பலகையில் மின்கோளாறு ஏற்பட்டு, ரயில் தலைதெறிக்க ஓடி, குழம்பையும் இறைச்சியையும் பெரிய மனிதர்களின் உடுப்பில் வாரி இறைத்தது என்று லாப்பியேரும் காலின்ஸும் இந்திய சுதந்திரத்தைப் பற்றி 1975இல் வெளியிட்ட தங்கள் நூலில் எழுதியிருக்கிறார்கள். அந்த ரயில் இன்றும் ஜெய்விலாஸ் அரண்மனையில் காட்சிக்கு இருக்கிறது. மகாராஜா வீட்டில் நடந்தால் அது சரித்திரம். ஹட்டனில் நடந்தால் "இந்த மனுசனுக்கு வேற வேலையில்ல."

மலையகத்துக்கே உரிய விபத்துகளும் உண்டு. மாதிரி ரயில் பலகையில் மண்ணையும் புல்லையும் காட்ட வேண்டுமானால், வெளிநாட்டவர்கள்கூடக் காய்ச்சி வடித்த தேயிலைச் சக்கையை உலர்த்திப் பசை தடவித் தூவுவார்கள். பார்ப்பதற்குக் காட்டு நிலம் போலவே இருக்கும். இங்கே தேயிலைக்கா பஞ்சம்? நண்பர் மூன்று மாதச் சக்கையைச் சேர்த்துத் தம் மலைகளுக்கெல்லாம் தூவினார். அவர் மறந்தது ஒன்றே ஒன்று: ஹட்டன் ஈரக்காற்று. பத்தாம் நாள் தோட்டம் முழுவதும் வெள்ளை பூத்தது. நுவரெலியாவில் தை மாசியில் புல்லின் மேல் உறைபனி படியுமே, அந்தக் காட்சி போல அழகாகவே இருந்ததாம். நாற்றம் மட்டும் பொருந்தவில்லை. எலி கம்பியைக் கடித்தது, பூனை சிங்கமலைச் சுரங்கத்துக்குள் குட்டி போட்டது, பேரன் பொடி மெனிக்கேயின் பயணிகளுக்குப் பசிக்குமென்று பெட்டிக்குள் பால்சோறு ஊட்டியது, பாரிஸ் சாந்து கலந்த வாளியைக் குசினித் தொட்டியில் கழுவிக் குழாய் கல்லாகிப்போனது என்று இன்னும் பல. எல்லாம் எழுதினால் நண்பரின் துணைவியார் இந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சாட்சியமாக வைத்துக்கொள்வார்.

அவரைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன் ஐம்பதுகளின் இறுதிக்குப் போய்வர வேண்டும்.

நண்பரின் தந்தை துரை பங்களாவில் சமையல்காரர். 'பங்களா அப்பு' என்பார்கள். கிறிஸ்மஸுக்குத் துரைமார் பிள்ளைகள் கப்பல் ஏறி வருவார்கள். ஓராண்டு எங்களை அப்பு பின்வாசல் வழியாக அழைத்துப்போய்க் குசினி ஜன்னலருகே நிறுத்தினார். உள்ளே மெழுகுபோட்ட தரையில் சாவி கொடுத்த ரயில் ஒன்று வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. பச்சை எஞ்சின், பின்னால் மூன்று பெட்டி. துரையின் மகன் அதைப் பார்க்கக்கூட இல்லை, கம்பளத்தின்மேல் படுத்து வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தான். சாவி தீர்ந்து ரயில் நின்றதும் நாங்கள் இருவரும் ஜன்னலுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவன் எழுந்து மறுபடி சாவி கொடுப்பானா என்று. கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த ரயில்கள் பல. டின்மீன் தகரத்தைக் கவிழ்த்தால் எஞ்சின், நெருப்புப்பெட்டிகள் பெட்டிகள், சோடா மூடிகள் சக்கரங்கள். தண்டவாளம் கிடையாது. லயத்து இஸ்தோப்பில் பன்னிரண்டு வீட்டு வாசலையும் கடந்து கயிறு கட்டி இழுப்போம். வாசல் தெளித்த ஈரத்தில் யாராவது ஒரு கிழவி வழுக்கி விழுவார். பண்டிகை விபத்து அப்போதே எங்களுக்கு அறிமுகம்.

நண்பர் அந்தப் பச்சை எஞ்சினை மறக்கவில்லை. வேலை பார்த்த காலத்தில் மாதிரி ரயில் அவருக்கு எட்டாத பொருள். பணம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை இடம். இந்தக் கணக்கை அவரே ஒருநாள் காகிதத்தில் போட்டுக் காட்டினார், நானும் சரிபார்த்தேன். மலையகப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது சுமார் நூறு மீட்டர். அதை மாதிரி ரயிலின் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தால் ஆரம் நாலடி நாலங்குலம். வட்டம் முழுவதும் போட எட்டடி எட்டங்குலம் வேண்டும். லயத்துக் காம்பரா ஒன்றின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஆக, ஹட்டனிலிருந்து நானுஓயா போகும்போது கோச்சி வளைகிற ஒரே ஒரு வளைவை உள்ளபடி செய்தால், அது ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கிப் பிள்ளை பெற்ற அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இந்தப் பொழுதுபோக்கு மேலைநாட்டில் நிலவறையிலும் பரணிலும் மோட்டார்க் கொட்டகையிலும் வளர்ந்தது. பாடகர் ராட் ஸ்டுவர்ட் இருபத்து மூன்று ஆண்டுகள் உழைத்துத் தம் வீட்டு மேல்மாடியில் ஒரு முழு நகரத்தையே அமைத்து 2019இல் வெளியுலகுக்குக் காட்டினார். மேல்மாடி இருந்தது, அமைத்தார். நம்மவர் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்கள் முதலில் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வரட்டும்.

பிறகு மகள் கனடா போனாள். சேமிப்பும் அவள் அனுப்பிய பணமுமாக ஹட்டனுக்கு வெளியே சிறிய வீடொன்று எழுந்தது. அதில் ஒரு கூடம் இருந்தது. கூடத்துக்குள் எட்டடிப் பலகை வந்தது. அவ்வளவு சிறிய பலகையில் ஆரம் இரண்டடிக்கும் குறைவுதான், உண்மை வளைவில் பாதிகூட இல்லை. ஏற்றம் நாற்பத்து நாலுக்கு ஒன்று என்பதை மட்டும் நண்பர் விட்டுக்கொடுக்கவில்லை. பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் உயர்வு. அந்த ஏற்றத்தில் எட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு எஞ்சின் திணறுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர் சூட்டியிருந்தார்கள். மகள் அனுப்பிய எஞ்சினுக்கு அவர் எந்தப் பெயர் எழுதினார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது துணைவியாரின் வாதம். அவரும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர், என்னை அண்ணன் என்று அழைப்பவர். ஒருமுறை தேநீர் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"நான் பொறந்தது பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல அண்ணே. எட்டுப் பேரு. கட்டிக்கிட்டு வந்தது இன்னொரு காம்பராவுக்கு. அம்பத்தஞ்சு வயசுல இந்த ஹோலு கெடச்சுச்சு. இந்தா பாருங்க, கோச்சிக்கு ரெண்டு ஸ்டேசன் இருக்கு. நாளு கெழமையில வர்றவங்களுக்கு நாலு கதிரை போட எனக்கு எடம் இல்ல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நண்பரிடமும் இல்லை. பொதுவாக இந்தச் சண்டையைக் கணவனின் கிறுக்கு, மனைவியின் பொறுமையின்மை என்று வேடிக்கையாக்கி எழுதுவது வழக்கம்; நானும் மேலே கொஞ்சம் அப்படித்தான் எழுதிவிட்டேன். ஆனால் பண்டிகை நாளில் முன்கூடம் யாருக்கு என்ற கேள்வி, கூடமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சமூகத்தில் வேடிக்கையான கேள்வி அல்ல. அவர் முறுக்குச் சுட்டதால் ரயில் நின்றது என்கிறார் நண்பர். ரயில் இருந்ததால் முறுக்குத் தட்டை வைக்க மேசை இல்லை என்பதையும் அதே குற்றப்பத்திரிகையில் எழுதத்தான் வேண்டும்.

சமரசமாக 2024 கிறிஸ்மஸுக்கு (மருமகள் கிறிஸ்தவர், வீட்டில் இரண்டு பண்டிகை) பலகையைக் கயிறும் கப்பியும் போட்டுக் கூரைக்கு உயர்த்தினார். ஸ்டோரில் இயந்திரம் தூக்கிய கைதானே, கயிறு அறவில்லை. பலகை மட்டும் சற்றே சாய்ந்தது. வெட்டக் காத்திருந்த கேக்கின்மேல் இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் பொழிந்தது.

இனிச் சொல்லப்போவதில் சிரிப்பு குறைவு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும் அடி மலையகத்துக்கு. சரிவுகள் இடிந்தன, கண்டிக்கு மேலே பதுளை நோக்கிப் போகும் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த கோச்சி உண்மையிலேயே நின்றது. இம்முறை நான் தொலைபேசியில் கேள்விகளை அடுக்கியபோது நண்பர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

அவர் வீட்டுக்கு மேலே, சரிவில் இருந்த லயமொன்றிலிருந்து இரண்டு குடும்பங்கள் நனைந்த துணிகளோடு இறங்கி வந்தன. பிள்ளைகளோடு ஒன்பது பேர். பலகையைத் தூக்கச் சொன்னது துணைவியார் அல்ல, நண்பரே தூக்கினார். பின் விறாந்தையில் சுவரோரமாகச் சாய்த்துத் தார்ப்பாய் போட்டார். கூடத்தில் ஒன்பது பேருக்கும் பாய் விரித்தது. மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள், பிள்ளைகள் அழுகையில் களைத்தபோது, பலகையிலிருந்து கழற்றிய தண்டவாளத் துண்டுகளைத் தரையில் வட்டமாகப் பொருத்தி, மோட்டார் சைக்கிளின் பேட்டரியை இணைத்தார். அதுவும் பன்னிரண்டு வோல்ட்தான். ஆனால் வேகத்தைக் குறைக்க வழியில்லாமல் ஒன்டாரியோ முதல் வளைவிலேயே பாய்ந்து பாய்க்கு அடியில் போனது. பிள்ளைகளுக்கு அதுவே பிடித்துவிட்டது. பிறகு மோட்டார் சைக்கிள் பல்பு ஒன்றை நடுவே தொடராக இணைத்தார். மின்சாரத்தின் ஒரு பங்கை பல்பு தின்றுவிடும், எஞ்சின் நிதானமாக ஓடும். எஞ்சின் எங்காவது சிக்கி நின்றால் பல்பு பளிச்சென்று எரியும். இருட்டில் அந்த வெளிச்சத்துக்காகவே பிள்ளைகள் ரயிலைக் கையால் பிடித்து நிறுத்தினார்களாம். சாவி தீர்ந்த ரயிலை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த இருவரில் ஒருவர் இதை எனக்குச் சொன்னார், மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு நான் ஹட்டன் போனேன், பஸ்ஸில்தான். குடும்பங்கள் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. விறாந்தையில் சாய்ந்திருந்த பலகையைப் பார்க்கப் போனேன். தார்ப்பாயையும் மீறி மழை உள்ளே போயிருந்தது. மலை இரண்டாகப் பிளந்து, அடுக்கடுக்காக உரிந்து தொங்கியது. காகிதக் கூழ் மலைகள் அப்படித்தான்: பழைய பத்திரிகைக் கீற்றுகளைக் கோதுமை மாப்பசையில் தோய்த்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவது. (மாப்பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்திருக்க வேண்டும். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க அப்படிச் செய்வது நண்பருக்குத் தெரியாது.) தொங்கிய கீற்று ஒன்றில் இருந்த தலைப்பு எனக்குப் பழக்கமாக இருந்தது. குனிந்து படித்தேன். என்னுடையது.

1983 ஜூலைக்குப் பின் கொழும்பில் என் அறையைக் காலி செய்தபோது, பத்து ஆண்டுக் கட்டுரை நறுக்குகளை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு இவரிடம் ஒப்படைத்திருந்தேன். வீடு கட்டிய ஆண்டு பெட்டி துருப்பிடித்தது. "நீ கேக்கவே இல்ல, மச்சான். பழைய பேப்பர்தானேன்னு நெனச்சேன்" என்றார். முப்பத்தைந்து வருடமாக நான் கேட்கவில்லை என்பது உண்மை. அன்று மாலை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

அந்தக் கீற்றில் இருந்தது தலைமன்னார் பயணம். 1914இல் ராமேஸ்வரத் தீவையும் தலைமன்னாரையும் கப்பலும் ரயிலுமாக இணைத்த பாதை அது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று மனிதர்களைப் பங்கிட்டார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சத்தைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஹட்டன் மேடையிலிருந்து கோச்சி புறப்படும்போது எழும் அழுகையை நான் எழுத்தில் கொண்டுவர முயன்ற கட்டுரை. அந்த ரயிலை எங்கள் பக்கத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். 1984இல் கப்பல் நிற்கும் வரையில் அது ஓடியது. நண்பரின் அக்காள் அதில் போனவர்.

மறுநாள் காலை நண்பர்தான் முதலில் பேசினார். பலகையில் ஹட்டன் நிலையத்தை ஏன் அத்தனை நீளமாகச் செய்தேன் தெரியுமா என்று கேட்டார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் பாதிக்கும் கீழாகக் குறுக்கியவர், அந்த மேடையை மட்டும் உள்ள அளவுக்குத் தம்மால் இயன்றவரை நீட்டியிருந்தார். அத்தனை பேர் நிற்க இடம் வேண்டுமே என்றார்.

என் அபிப்பிராயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மாதிரி ரயில் சிறுபிள்ளைத்தனம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பெரிய பொய்யும் எளிதாக நுழைந்துவிடுகிறது. மலையக ரயிலை மாதிரியாகச் செய்து காட்டும் படங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கும், நீல நிற ரயில் இருக்கும், பச்சை மெத்தை விரித்த மலை இருக்கும், கூடை சுமந்த இரண்டு பெண்கள் இருப்பார்கள். அவர்கள் மாலையில் எங்கே போவார்கள் என்பதற்கு அந்தப் பலகையில் விடை இராது. லயம் இல்லை. மேடையில் அழுபவர் இல்லை. கோப்பியையும் தேயிலையையும் இறக்கப் போட்ட பாதை என்பதற்கான அடையாளமாக ஒரு சாக்கு மூட்டைகூட இராது. தண்டவாளத்தின் ஆணியை எண்ணிச் சரிபார்க்கும் துல்லியக்காரர்கள், இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அகலம் பதினாறரைதான் இருக்கிறது என்று சண்டை போடுகிறவர்கள், ஒரு சமூகத்தின் குடியிருப்பு முழுவதையும் விட்டுவிட்டதை அளவுப் பிழையாகக் கருதுவதில்லை.

நண்பரின் பலகையிலும் லயம் இல்லை என்பதை அன்று காலைதான் சொன்னேன். நறுக்குகளுக்கு நான் பழிவாங்குகிறேன் என்று நினைத்திருப்பார். "அதை எதுக்குடா வீட்டுக்குள்ள வேற கொண்டாரது" என்றார். அதுவும் ஒரு பதில்தான். ஐம்பது வருடம் எதிலிருந்து வெளியேறப் பாடுபட்டாரோ அதைத் தம் கையாலேயே வெட்டி ஒட்டச் சொல்வது எழுதுகிறவனுக்கு எளிது.

துணைவியார் ஒரு நிபந்தனை வைத்தார்: பலகை திரும்பக் கூடத்துக்குள் வரக்கூடாது. விறாந்தையில், நாலடிக்கு இரண்டடி, அதற்குமேல் ஓர் அங்குலம் இல்லை. நண்பர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு, அந்த அளவுக்குள் எது அடங்கும் என்று கணக்குப் போட்டார். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1903லும் 1904லுமாகத் திறந்து, 1940களில் மூடிவிட்ட சிறிய பாதை நினைவுக்கு வந்தது. அகலம் இரண்டரை அடிதான். எழுபத்தாறில் ஒரு பங்காக்கினால் பத்து மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் ஒன்பது மில்லிமீட்டர்த் தண்டவாளம் ஏறக்குறையச் சரி. குட்டி எஞ்சின், கூரிய வளைவு. எங்கள் இருவருக்குமே அது ஓடிப் பார்த்த நினைவில்லை, பிறக்கும் முன்பே நின்றுவிட்டது. மகளுக்குப் பட்டியல் போயிற்று. துணைவியார் கூடத்தில் நாலு கதிரை போட்டார். புத்தாண்டுக்கு வந்தவர்கள் அதில் உட்கார்ந்து பால்சோறு சாப்பிட்டார்கள்.

சில வாரம் கழித்து மறுபடி தொலைபேசி. பிஸ்கட் பெட்டியின் நெளி அட்டையில் கூரை நன்றாக வருகிறது என்றார், தகரம் போலவே. எதற்குக் கூரை என்று நான் கேட்கவில்லை.

"நம்ம லயத்துல எத்தனை காம்பரா மச்சான், பத்தா?"

"பன்னிரண்டு" என்றேன்.

"பத்துதான்டா."

பின்னாலிருந்து துணைவியாரின் குரல் கேட்டது. அவர் எங்கள் இருவரோடும் வாதம் செய்யவில்லை. ஒவ்வொரு வாசலாக, யார் வீடு, எத்தனை பிள்ளைகள், யார் எந்த வருடம் கோச்சியேறிப் போனார்கள் என்று எண்ணத் தொடங்கினார். ஏழாவது வாசலில் நண்பர், "மெதுவா, மெதுவா, எழுதிக்கிறேன்" என்றார்.